நெட் விட்டு விட்டு வருகிறதா? முதலில் இடத்தைக் கண்டுபிடி, தங்கச்சி

தங்கச்சி, நெட் ஒரேயடியாகப் போய்விட்டால் அதில் குழப்பம் கிடையாது. எது போச்சு என்று பார்த்து ஒரு வழி பண்ணிவிடலாம். கொஞ்ச நேரம் வந்து, ஒரு நிமிஷம் நின்று, திரும்ப வந்து, நீ ஆபீஸ் மீட்டிங்கில் வாயைத் திறக்கும்போது மறுபடி நிற்கிறதே, அந்தக் கோளாறுதான் ஆளைப் பாடாய்ப் படுத்தும். புகார் கொடுத்து ஆள் வரும் நேரத்தில் எல்லாம் ஒழுங்காக ஓடும். "நல்லாத்தானே மேடம் வருது" என்று சொல்லிவிட்டு அவர் போய்விடுவார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் நெட்டும் போய்விடும்.

வைஃபை என்றால் சுவர், தூரம் என்று ஏதாவது காரணம் சொல்லலாம். ஒயர் குத்திய கம்ப்யூட்டரிலும் இப்படி வந்தால், பல வீடுகளில் உடனே செய்வது ரவுட்டரை மாற்றுவது. அதிலும் சரியாகாவிட்டால் கம்பெனியை மாற்றுவது. கடைசியில் கம்ப்யூட்டரை ஃபார்மேட் பண்ணுவது. பணம் போகும், குழந்தை ஃபோட்டோ எல்லாம் போகும், கோளாறு மட்டும் அப்படியே இருக்கும். அதனால் அக்கா முதலிலேயே கறாராகச் சொல்கிறேன்: கோளாறு எந்த இடத்தில் என்று தெரியும்வரை எதையும் வாங்காதே, எதையும் அழிக்காதே.

கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு பழைய நோட்டும் பேனாவும் வை. நெட் நிற்கும்போதெல்லாம் மணியை எழுது. அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் கூடவே எழுது. மோட்டார் போட்டார்களா, ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கியதா, கரண்ட் ஒரு தரம் மங்கி வந்ததா, மேஜைக்கடியில் யாராவது பெருக்கினார்களா, மழை பெய்ததா. இரண்டு மூன்று நாள் கழித்துப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் பாதி விடை அதிலேயே இருக்கும். மோட்டார் நேரத்தோடு ஒத்துப்போனால் கரண்ட் பக்கம் தேட வேண்டும். பெருக்கும்போதும் நாற்காலியை இழுக்கும்போதும் போனால் கேபிள். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் மட்டும் தினமும் மந்தமானால் வெளியே லைனில் நெரிசல். எந்த ஒழுங்கும் இல்லாமல் கண்டபடி போனால் முதல் சந்தேகம் கேபிளின் முனை.

அடுத்து ஃபோனை எடு. மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு வீட்டு வைஃபையில் மட்டும் வை. டேட்டாவை நிறுத்த மறந்தால் இந்தச் சோதனைக்கே அர்த்தமில்லை. வைஃபை போனதும் ஃபோன் சத்தமில்லாமல் சிம் பக்கம் தாவிவிடும். கம்ப்யூட்டரில் நெட் நின்ற அதே நேரத்தில் ஃபோனில் புதிதாக ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பார். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவை நம்பாதே, அது முன்னாலேயே இறக்கி வைத்ததைக் கொண்டு கொஞ்ச நேரம் ஓடும். ஃபோனிலும் நின்றிருந்தால் கோளாறு ரவுட்டரில் அல்லது அதற்கு வெளியே. ஃபோன் நன்றாக இருந்து கம்ப்யூட்டர் மட்டும் தவித்தால், ரவுட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உள்ள சின்ன வட்டத்துக்குள் நீ வந்துவிட்டாய்.

விளக்குகளையும் பார்க்கப் பழகு. கம்ப்யூட்டரின் பின்பக்கம் கேபிள் குத்தும் ஓட்டைக்குப் பக்கத்தில் பெரும்பாலும் இரண்டு குட்டி விளக்குகள் இருக்கும். இணைப்பு உயிரோடு இருந்தால் ஒன்று எரியும், போக்குவரத்து இருந்தால் மற்றது மினுக்கும். நெட் நின்ற நேரத்தில் இரண்டுமே அணைந்து திரும்ப எரிந்தால், இன்டர்நெட்டைப் பற்றிய பேச்சே வேண்டாம்; கேபிளோ, போர்ட்டோ, கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டோ, கரண்ட் போய் எழும் ரவுட்டரோதான். கம்பெனிக்காரர் வைத்த ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால், வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அந்த மெல்லிய ஃபைபர் ஒயர் பெட்டிக்குப் பின்னால் மடங்கி நசுங்கியிருக்கிறதா என்று மட்டும் பார். கழற்றிக் கண்ணுக்கு நேரே பிடிக்காதே. அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கும்.

இரண்டு கறுப்பு ஜன்னல்

இனி சொல்லப்போவதுதான் முக்கியம். பார்க்கப் பயமாக இருக்கும், செய்ய ரொம்ப எளிது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்து. வரும் கட்டத்தில் சி, எம், டி (cmd) என்று மூன்றெழுத்து தட்டி என்டர் கொடு. கறுப்பு ஜன்னல் திறக்கும். அதில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று தட்டினால் ஒரு பட்டியல் வரும். ஈதர்நெட் என்ற தலைப்பின் கீழ் டீஃபால்ட் கேட்வே என்ற வரியைத் தேடு. பல வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். அதுதான் உன் ரவுட்டரின் முகவரி.

இப்போது பிங் (ping) என்று தட்டி, இடைவெளி விட்டு, அந்த முகவரியைப் போட்டு, இன்னொரு இடைவெளி விட்டு, ஹைஃபனும் டி எழுத்தும் (-t) போட்டு என்டர் கொடு. ஏறத்தாழ நொடிக்கு ஒரு தரம் உன் கம்ப்யூட்டர் ரவுட்டரைக் கூப்பிட்டுப் பதில் வாங்கிக்கொண்டே இருக்கும். ஒயரில் இருக்கும்போது பதில் பெரும்பாலும் ஒரு மில்லி நொடிக்குள் வந்துவிட வேண்டும். அதை ஓடவிட்டு இன்னொரு கறுப்பு ஜன்னல் திற. அதில் முகவரி மட்டும் 8.8.8.8 என்று மாற்றிப் போடு. இது கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர், வீட்டுக்கு வெளியே இருப்பது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு உன் வேலையைப் பார்.

நெட் நின்றதும் இரண்டையும் பார். இரண்டும் சேர்ந்து நின்றால் கோளாறு வீட்டுக்குள். ரவுட்டர் பதில் சொல்லிக்கொண்டே இருக்க 8.8.8.8 மட்டும் நின்றால் கோளாறு பெரும்பாலும் ரவுட்டரைத் தாண்டிய வெளிலைனில். உன் கேபிளைத் தொடவே வேண்டாம். இரண்டும் ஓடுகின்றன, ஆனால் பக்கம் மட்டும் திறக்கவில்லை என்றால் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸில் சிக்கல், இல்லையென்றால் ஆபீஸ் விபிஎன்னில். டிஎன்எஸ் என்றால் நெட்வொர்க் செட்டிங்கில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

திரையில் வரும் வார்த்தையையும் கவனி. ஜெனரல் ஃபெயிலியர் என்று வந்தால் பெரும்பாலும் உன் கம்ப்யூட்டருக்கே அந்த நொடியில் இணைப்பு இல்லை. டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள் என்று உன் சொந்த முகவரியிலிருந்தே வந்தால், கூப்பிட்ட குரலுக்கு ரவுட்டர் எழுந்திருக்கவில்லை. எப்போதோ ஒரு வரி டைம்டு அவுட் என்று வந்தால் பதறாதே, ரவுட்டருக்கு வேறு வேலை இருந்திருக்கும். கொத்தாக வந்தால்தான் கணக்கு. நிறுத்த கன்ட்ரோலும் சி எழுத்தும் அழுத்து. எத்தனை அனுப்பினோம், எத்தனை தொலைந்தன என்று கணக்கும் காட்டும். அதை ஃபோனில் படம் பிடித்து வை.

கேபிள்தான் முதல் குற்றவாளி

வீட்டுக்குள் என்று தெரிந்துவிட்டால் கேபிளிலிருந்து தொடங்கு. பிளக்கின் தலையில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும், குத்தும்போது "டிக்" என்று சத்தம் வரும். அந்த நாக்கு உடைந்த கேபிள்கள் எத்தனை வீட்டில் இருக்கின்றன தெரியுமா? பார்ப்பதற்குக் குத்தியபடிதான் இருக்கும். ஃபேன் காற்றுக்கும் மேஜை அசைவுக்கும் துளி வெளியே வந்து திரும்ப உட்காரும். பிங் ஜன்னலை ஓடவிட்டு, பிளக்கை மெதுவாக இடமும் வலமும் அசைத்துப் பார். பிறகு கேபிளின் நீளம் முழுக்கக் கையால் தடவிக்கொண்டே போ. நாற்காலிச் சக்கரம் ஏறிய இடம், கதவிடுக்கில் நசுங்கிய இடம், பரண் மேலே எலி கடித்த இடம், கேசிங்கில் கூர்மையாக மடக்கித் திணித்த மூலை. தொட்டவுடன் பிங் தடுமாறினால் இடம் கிடைத்துவிட்டது. உடைந்த நாக்கை டேப் சுற்றிச் சமாளிக்காதே. இரண்டு பக்கமும் தொழிற்சாலையில் முடித்து வந்த ஒரு நல்ல கேட் 6 கேபிள் வாங்கி, சந்தேகப்பட்ட கேபிளுக்குப் பதிலாகத் தரையிலேயே போட்டு ஒரு நாள் ஓட்டிப் பார். நன்றாக ஓடினால் அப்புறம் ஒழுங்காகச் சுவரோரம் ஓட்டலாம்.

கண்ணுக்குத் தெரியாத கேபிள் கோளாறு ஒன்று உண்டு. இதைப் பலரும் சொல்லித் தருவதில்லை, அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருக்கும். அந்த முறுக்குதான் வெளி இரைச்சலைத் தடுக்கிறது. பிளக்கில் மூன்றாவது கம்பியும் ஆறாவது கம்பியும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும் என்பது விதி. சில பேர் கேபிள் முனையில் பிளக்கை கிரிம்ப் பண்ணும்போது ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பிரவுன் ஜோடி என்று வரிசையாக அடுக்கிவிடுவார்கள். இரண்டு முனையிலும் அதே மாதிரி இருப்பதால் டெஸ்டரில் எட்டு விளக்கும் அழகாக எரியும். "கேபிள் ஓகே" என்பார்கள். ஆனால் மூன்றும் ஆறும் வெவ்வேறு ஜோடியில் போய் உட்கார்ந்துவிட்டதால் கம்பிக்குக் கம்பி இரைச்சல் ஏறும். குட்டி கேபிளில் தெரியாது. கீழ்வீட்டிலிருந்து மாடிக்குப் போகும் கேபிளில் நெட் விட்டு விட்டு வரும். சரியான வரிசை இது: தங்க நிறக் கம்பிகள் உன்னைப் பார்த்து மேலே இருக்க, கேபிள் கீழே தொங்க, இடமிருந்து வலம் ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை, பிரவுன். டி568பி என்று இதற்குப் பெயர். பிளக் கண்ணாடி மாதிரி தெளிவாக இருப்பதால் நீயே எட்டிப் பார்த்துச் சரிபார்க்கலாம்.

வேகமும் ஒரு துப்பு. விண்டோஸ் செட்டிங்கில் நெட்வொர்க் பகுதிக்குள் ஈதர்நெட்டைத் திறந்தால் லிங்க் ஸ்பீட் என்று இருக்கும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு கம்பி போதும். 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். இரண்டு பக்கமும் 1000 போகக்கூடிய போர்ட்டாக இருந்தும் 100 என்று காட்டினாலோ, ஒரு நேரம் 1000 ஒரு நேரம் 100 என்று மாறினாலோ, உள்ளே ஏதோ ஒரு கம்பி அறுந்தும் அறாமலும் தொங்குகிறது. சில மலிவான ஃபைபர் பெட்டிகளில் போர்ட்டே 100 வரைதான். அப்படியிருந்தால் அது கோளாறில்லை.

கேபிள் வாங்கும்போது முழுத் தாமிரமா என்று கேட்டு வாங்கு. அலுமினியக் கம்பிக்குத் தாமிரப் பூச்சுப் பூசி விற்பதும் உண்டு. கையில் எடுத்தால் எடை குறைவாக இருக்கும், கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். நாலு தரம் மடக்கினால் உள்ளுக்குள் ஒடிந்துவிடும். கரண்ட் ஒயர் போகும் அதே பைப்பில் லேன் கேபிளை விடவே கூடாது. இரைச்சல் ஒரு காரணம், உயிர்ப் பாதுகாப்பு அதைவிடப் பெரிய காரணம். ரவுட்டரிலிருந்து கம்ப்யூட்டர் வரை மொத்தம் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். வீடுகளில் அவ்வளவு வராது.

போர்ட்டையும் டார்ச் அடித்துப் பார். தூசி, எறும்பு, வளைந்த பின், கடலோர ஊர் என்றால் பச்சைக் களிம்பு. ரவுட்டரில் வேறு ஓட்டைக்கு மாற்றிக் குத்திப் பார். அதே கேபிளை வேறு லேப்டாப்பில் குத்திப் பார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை நோட்டில் எழுது. நாலையும் ஒன்றாக மாற்றிச் சரியானால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது.

இடிக்கு அப்புறம் இந்தக் கோளாறு தொடங்கியதா என்றும் யோசி. உள்ளூர் நெட்காரர் மொட்டை மாடி வழியாகத் தாமிர ஒயர் இழுத்துக் கொடுத்த வீடுகளில், சித்திரை வைகாசி இடியிலும் ஐப்பசி மழையிலும் போர்ட் பாதி செத்துப்போகும். விளக்கு எரியும், இணைப்பு நிலைக்காது. அந்த மாதிரி போர்ட்டைச் சரி செய்ய முடியாது. கம்ப்யூட்டரில் என்றால் யுஎஸ்பியில் குத்தும் ஒரு லேன் அடாப்டர் போதும், மதர்போர்டையே மாற்ற வேண்டாம். வானம் கறுக்கும்போதே கரண்ட் பிளக்கோடு லேன் கேபிளையும் உருவிவிடு. இடி தலைக்கு மேலே வந்த பிறகு எதையும் தொடாதே.

கம்ப்யூட்டருக்குள்

கேபிளும் போர்ட்டும் சுத்தம் என்றால் இப்போது செட்டிங். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியில் ரியல்டெக் அல்லது இன்டெல் என்று உன் கார்டின் பெயர் இருக்கும். அதன் ப்ராப்பர்ட்டீஸில் பவர் மேனேஜ்மென்ட் பக்கம் போனால், மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தக் கார்டை அணைக்கலாம் என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடு. அட்வான்ஸ்டு பக்கத்தில் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட், கிரீன் ஈதர்நெட் என்று இருந்தால் டிஸேபிள் பண்ணு. சும்மா இருக்கும்போது கார்டு தூங்கிப்போய், எழும்போது தடுமாறுகிற கோளாறு இதில் போய்விடும். டிரைவரை மதர்போர்டு அல்லது லேப்டாப் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கு. சமீப வருடங்களில் வந்த மதர்போர்டுகளில் 2.5 ஜிபிபிஎஸ் போர்ட் இருக்கும். இன்டெல்லின் ஐ225 என்ற கார்டின் ஆரம்ப வெளியீடுகளில் அந்த வேகத்தில் உண்மையாகவே கோளாறு இருந்தது. ஸ்பீட் அண்ட் டூப்ளக்ஸ் என்ற இடத்தில் 1 ஜிபிபிஎஸ் என்று இறக்கி வைத்துப் பார்.

நீ இல்லாத நேரத்தில் எப்போது அறுந்தது என்று தெரிய ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைப் பார். இன்டெல் கார்டு என்றால் பெரும்பாலும் 27 என்ற எண்ணோடு, லிங்க் துண்டிக்கப்பட்டதாக நேரத்தோடு பதிவாகியிருக்கும்.

வீட்டில் சிசிடிவி இருக்கிறதா? பொருத்தியவர் அந்தப் பெட்டிக்குக் கையால் ஒரு முகவரி எழுதி வைத்திருப்பார். ரவுட்டர் அதே முகவரியை உன் கம்ப்யூட்டருக்கும் கொடுத்துவிட்டால் இரண்டும் மாறி மாறி அடித்துக்கொள்ளும். கேமரா பெட்டியை ஒரு மணி நேரம் உருவி வைத்தாலே தெரிந்துவிடும். குட்டி ஸ்விட்ச் வைத்திருந்தால் ஒரே கேபிளின் இரண்டு முனையும் அதிலேயே குத்தியிருக்கிறதா என்றும் பார். அப்படியிருந்தால் வீட்டு நெட் மொத்தமும் திணறும்.

ரவுட்டர்

ரவுட்டரின் எல்லா விளக்கும் ஒன்றாக அணைந்து எரிந்தால் அது நெட் பிரச்சினையே இல்லை, கரண்ட். மோட்டார் இழுக்கும்போது வோல்டேஜ் இறங்கி ரவுட்டர் திரும்ப முதலிலிருந்து எழுகிறது. அடாப்டர் பழசானாலும் இப்படித்தான். மாற்று அடாப்டரில் வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், பின்னின் முனையும் துருவமும் ஒத்துப்போக வேண்டும். ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கினால் இந்தத் தொல்லை தீரும். இதற்குச் செலவழிக்கலாம், வீண் போகாது. ரவுட்டருக்குத் துணி உறை போட்டு மூடாதே, செட்டாப் பாக்ஸ் மேலே ஏற்றி வைக்காதே. சூட்டில் அது தடுமாறும்.

வெளிலைன் கோளாறு என்று பிங் காட்டினால், புகார் கொடுக்கும்போது "அடிக்கடி போகுது" என்று சொல்லாதே. எந்தத் தேதி, எத்தனை மணி, ரவுட்டருக்குப் பதில் வந்தது, 8.8.8.8க்கு வரவில்லை என்று நோட்டைப் பார்த்துச் சொல். படத்தையும் அனுப்பு. புகாருக்கான டாக்கெட் எண் கேட்டு வாங்கு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதிகளின்படி அந்த எண்ணைக் கொடுத்தாக வேண்டும், புகார் தீராவிட்டால் கம்பெனிக்குள்ளேயே மேல்முறையீடு செய்யவும் உனக்கு உரிமை உண்டு. வீட்டில் ஆம்பிளை யாராவது இருக்கிறார்களா என்று கேட்டால், நோட்டை நீயே எடுத்துக் காட்டு. எழுதி வைத்த நேரத்தையும் எண்ணையும் பார்த்த பிறகு அந்தக் கேள்வி வராது.

ஆள் வந்து ஏதாவது மாற்றினால், கிளம்பும் முன் இரண்டு கறுப்பு ஜன்னலையும் அவர் முன்னால் ஓடவிட்டு, கேபிளை அசைத்துக் காட்டச் சொல். பழைய பிளக்கையும் மாற்றிய பொருளையும் கேட்டு வாங்கி வை. புகாரை முடிக்க ஓடிபி கேட்டால், ஒரு முழு நாள் நிற்காமல் ஓடட்டும், நாளைக்குத் தருகிறேன் என்று தன்மையாகச் சொல். அதுவரை கொடுக்காதே.